மருத்துவர் சொன்ன வழியில் போகலாமா?
புற்றுநோய் சிகிச்சைப் பரிந்துரையை எதைக் கொண்டு நம்புவது

செஞ்சிக்கு அருகே உள்ள தொண்டூரில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலியில்லாததால் சில வாரம் யாரிடமும் சொல்லமாட்டார். பிறகு மகளிடமோ நாத்தனாரிடமோ சொல்வார். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஒரு நர்சிங் ஹோமில் காட்டுவார்கள். அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்பார்கள். எந்தப் பெரிய ஆஸ்பத்திரி என்பதில்தான் முதல் குழப்பம். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர், சென்னையில் அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரிலான புற்றுநோய் மருத்துவமனை, வேலூரில் சிஎம்சி. இவை போக, நகரத்துத் தனியார் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகள் நெடுஞ்சாலை முழுக்க நிற்கின்றன.

இதில் ஏதோ ஓரிடத்தில் மருத்துவர் ஒரு வழி சொல்கிறார்: முதலில் ஆறு கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு. ஊருக்குத் திரும்பினால் ஆளுக்கொரு பேச்சு. "கத்தி பட்டா பரவிடும்" என்கிறார் ஒருவர். "கீமோ குடுத்துத்தான் எங்க மாமா போய்ச் சேர்ந்தாரு" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு மூலிகை மருந்துக்காரரின் கைப்பேசி எண்ணை நீட்டுகிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் யூடியூப் பார்த்துவிட்டு, "இம்யூனோதெரபி ஏன் கொடுக்கல?" என்று கேட்கிறான்.

மருத்துவர் சொன்னதை நம்பலாமா என்ற கேள்வி இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் வருகிறது. நம் ஊரில் இதற்குக் கிடைக்கும் விடைகள் இரண்டுதான். டாக்டர் சொன்னால் சரி என்று கண்ணை மூடிக்கொள்வது ஒன்று. எல்லாம் காசு பிடுங்கும் வேலை என்று கையை உதறுவது மற்றொன்று. இரண்டுமே ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு. மருத்துவரின் முகம், பேச்சு, கட்டடத்தின் பளபளப்பு, தெரிந்தவருக்கு நேர்ந்த கதை ஆகியவைதான் இவற்றுக்கு அடிப்படை. ஆனால் புற்றுநோய் மருத்துவத்தில் ஒரு பரிந்துரை பெரும்பாலும் சரிபார்க்கக்கூடிய ஆதாரங்களின் மேல்தான் நிற்கிறது. அந்த ஆதாரங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. எதைக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

நம்பிக்கை வளர்ந்த கதை

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வந்த கதை ஒரு சாவில் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். நோய் என்னவென்று கண்டுபிடிக்கவே தாமதமானது, கண்டுபிடித்த பிறகும் செய்வதற்கு அதிகமில்லை. அந்த இழப்பை மனத்தில் வைத்திருந்த முத்துலட்சுமி, மூன்று பத்தாண்டுகள் கழித்து இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

"அடையாறு போனா பார்த்துக்குவாங்க" என்று வட தமிழகத்துக் கிராமங்களில் இன்றும் சொல்வதற்கு அங்குள்ளவர்களின் தியாகம் மட்டும் காரணமல்ல. வந்தவர்களை எண்ணி, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று குறித்துவைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. 1982இல் தேசியத் திட்டத்தின் கீழ் தொடங்கிய மூன்று மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் சென்னையினுடையதும் ஒன்று. அதை நடத்தியது அடையாறுதான். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கும் இடத்தால்தான் தன் சிகிச்சை சரியா தவறா என்று தனக்கே சொல்லிக்கொள்ள முடியும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், கட்டடத்தைவிட இந்தப் பழக்கம் நல்ல அளவுகோல்.

முதலமைச்சராக இருந்த அண்ணாதுரைக்கே உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டு திரும்பியவர், 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அது அந்தக் காலத்தில் உலகின் எந்த மூலைக்குப் போனாலும் பெரும்பாலும் கைமீறிய நோயாகவே இருந்தது. நல்ல மருத்துவம் கிடைத்தும் நோயாளி இறக்கலாம், அரைகுறை மருத்துவத்திலும் சிலர் பிழைக்கலாம். தெரிந்தவர் ஒருவருக்கு நேர்ந்ததை வைத்துப் பரிந்துரையை எடைபோடக் கூடாது என்பது இதனால்தான். "எங்க மாமா" கதையில் மாமாவுக்கு என்ன புற்று, எந்த நிலை என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

மருத்துவம் தவறிய இடங்கள்

சந்தேகப்படுவதற்கு வரலாற்றில் காரணம் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டட், மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நிணக்கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். எவ்வளவு அதிகம் வெட்டினால் அவ்வளவு நல்லது என்ற எண்ணம் முக்கால் நூற்றாண்டு கோலோச்சியது. பெண்கள் கை வீங்கி, நெஞ்சு குழிந்து வாழ்ந்தார்கள். இதைக் கேள்வி கேட்ட பெர்னார்ட் ஃபிஷரைச் சக மருத்துவர்களே ஏளனம் செய்தார்கள். அவர் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதனை நடத்தினார். இத்தாலியில் வெரோனேசியும் அப்படியே செய்தார். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தவர்களும் மார்பை முழுதாக இழந்தவர்களும் ஒரே அளவில் உயிர்பிழைத்தார்கள். இருவருடைய 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளியாகி அதை உறுதி செய்தன.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 1990களில் அமெரிக்காவில், முற்றிய மார்பகப் புற்றுக்கு மிக அதிக அளவு கீமோ கொடுத்து, அழிந்த எலும்பு மஜ்ஜைக்குப் பதில் மாற்று செலுத்தும் சிகிச்சை பரவியது. காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தபோது குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1993இல் ஒரு நடுவர் குழு 8.9 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. நோயாளிகள் கேட்டார்கள், மருத்துவர்கள் கொடுத்தார்கள், பல்லாயிரம் பெண்கள் அந்தக் கொடுமையான சிகிச்சைக்கு ஆளானார்கள். 1999இல் முறையான சோதனைகளின் முடிவு வந்தபோது பலன் எதுவும் இல்லை. பலன் உண்டு என்று காட்டிய ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவின் பெஸ்வோடாவுடையது. தணிக்கையில் அது மோசடி என்று 2000இல் தெரியவந்தது.

முதல் கதையில் மருத்துவர்களின் உறுதி தவறாகப் போனது. இரண்டாவதில் நோயாளிகளின் ஆசையும் சேர்ந்து தவறியது. இரண்டையும் திருத்தியது ஒரே கருவிதான்: ஒத்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணிப் பார்ப்பது.

சந்தேகத்துக்கும் சோதனை வேண்டும்

நம் சந்தேகங்கள் எவ்வளவு சரியானவை? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இந்திய நோயாளிகளிடமே நடந்த மூன்று சோதனைகள் இதற்கு நல்ல விடை தருகின்றன.

வாய்ப் புற்று. வெற்றிலைப் புகையிலையும் குட்காவும் புழங்கும் நம் பகுதியில் அறியாதவர் இல்லை. நாக்கில் சிறு புண், ஆரம்ப நிலை, கழுத்தில் எந்தக் கணுவும் தட்டுப்படவில்லை. மருத்துவரோ, "நாக்குல எடுக்கும்போதே கழுத்துலயும் கணுக்களை எடுத்துடணும்" என்கிறார். கழுத்துதான் நன்றாக இருக்கிறதே, எதற்கு வெட்ட வேண்டும், பில் ஏற்றவா என்று தோன்றும். 2015இல் வெளியான டாடா ஆய்வில், கழுத்தையும் முதலிலேயே அறுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். கணு தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம் பேர்தான். தேவையற்றது போலத் தெரிந்த அறுவைதான் உயிரைக் காத்தது.

மார்பகப் புற்று எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிவிட்டது. "மார்புல இருக்கிற கட்டியையாவது எடுத்துடுங்களேன்" என்று குடும்பம் கெஞ்சுகிறது. மருத்துவர் வேண்டாம் என்கிறார். ஏழை என்பதால் கைவிட்டுவிட்டாரோ என்று மனம் கசக்கும். அதே 2015இல் வந்த மற்றொரு டாடா ஆய்வில், இந்த நிலையில் முதலில் கொடுத்த மருந்துக்குக் கட்டி கட்டுப்பட்ட 350 பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கட்டியை எடுத்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. புண்ணாகி ரத்தம் கசிவது போன்ற தொல்லைக்காக எடுப்பது வேறு விஷயம். ஆயுளைக் கூட்டும் என்று எண்ணி எடுப்பதில் பலனில்லை.

மூன்றாவது, கர்ப்பப்பை வாய்ப் புற்று. "கர்ப்பப்பையையே எடுத்துட்டா நோய் போயிடாதா?" என்பது ஒவ்வொரு ஓபியிலும் கேட்கும் கேள்வி. கரண்டும் வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் போதும், ஆபரேஷன் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். 2018இல் வெளியான ஆய்வில் 633 பெண்கள் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கீமோ கொடுத்து அறுவை செய்தார்கள், மறு பிரிவினருக்குக் கீமோவோடு சேர்த்துக் கரண்ட் வைத்தார்கள். ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 69.3 சதவீதம், கரண்ட் பிரிவில் 76.7 சதவீதம். உயிர்பிழைப்பில் பெரிய வேறுபாடில்லை.

வெட்டச் சொன்னால் காசுக்கு, வெட்ட வேண்டாமென்றால் அலட்சியம் என்று நாம் வைத்திருக்கும் கணக்கு இந்த மூன்றிலும் பொய்த்துப் போகிறது. மருத்துவரின் உள்நோக்கத்தை ஊகிப்பதைவிட, "இதுக்கு ஆய்வு ஏதாவது இருக்கா டாக்டர்? எந்த வழிகாட்டுதல்ல சொல்லியிருக்கு?" என்று கேட்பது பயனுள்ளது. ஆதாரமுள்ள மருத்துவருக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

பரிந்துரையை எடைபோட முதலில் கையில் கோப்பு வேண்டும். பிளாஸ்டிக் பையில் திணித்த ஸ்கேன் பிலிம்களுக்கும் ரத்தப் பரிசோதனைத் தாள்களுக்கும் நடுவே நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதலாவது பயாப்ஸி. சதைத் துணுக்கைப் பார்க்காமல் புற்றுநோய் என்று முடிவு செய்வது அரிது. விதைப்பைக் கட்டி, சில சிறுநீரகக் கட்டிகள், ஈரல் சுருங்கியவருக்கு வரும் கல்லீரல் புற்று போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றவற்றில் பயாப்ஸி இல்லாமல் கீமோவோ பெரிய அறுவையோ சொன்னால், அங்கேயே நிற்க வேண்டும். ஊசி குத்தினால் பரவும் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஊசித் தடத்தில் செல்கள் ஒட்டுவது மிக அபூர்வம். பயாப்ஸி இல்லாமல் தவறான அறுவை செய்துகொள்வதோ அவ்வளவு அபூர்வமல்ல. உதிரப்போக்கு என்று வந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்காமல் சிறிய மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள். பிறகு, எடுத்த கர்ப்பப்பையில் புற்று இருந்ததாக ரிப்போர்ட் வரும். புற்றுநோய் மையங்களுக்கு இப்படி வரும் பெண்கள் புதியவர்களல்ல. அவர்களுக்கு அடுத்த சிகிச்சை மேலும் கடினமாகிவிடுகிறது.

பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மார்பகப் புற்று ரிப்போர்ட்டில் இப்படி இருக்கும்: இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2, ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்-2 2+. முதல் சொற்றொடர் நோயின் வகையைச் சொல்கிறது. கிரேடு என்பது செல்கள் எவ்வளவு முரடாகிவிட்டன என்பதற்கான மதிப்பெண். பலர் இதை ஸ்டேஜோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைக்கு நோய் கட்டுப்படும். ஹெர்-2 என்பதுதான் இங்கே முக்கியம். 3+ என்றால் டிராஸ்டுசுமாப் என்ற விலையுயர்ந்த மருந்து பயன்படும். 0, 1+ என்றால் அந்த மருந்துக்கு இடமில்லை. 2+ என்றால் இன்னும் தெரியவில்லை என்று பொருள், ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும். அதைச் செய்யாமலே டிராஸ்டுசுமாப் போடச் சொன்னாலும் தப்பு, வேண்டாம் என்றாலும் தப்பு. பத்தாவது படித்த மகளால் இந்த ஒரு வரியைப் படித்து, "சார், 2+ போட்டிருக்கே, ஃபிஷ் பண்ணியாச்சா?" என்று கேட்க முடியும். லட்சக்கணக்கில் செலவாகும் ஒரு முடிவு இந்தக் கேள்வியில் திரும்பலாம்.

இரண்டாவது நிலை, அதாவது ஸ்டேஜ். நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிட்டார்களா, எந்த ஸ்கேனால் பார்த்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது சிகிச்சையின் நோக்கம். குணப்படுத்தவா, கட்டுப்படுத்தி நாளை நீட்டவா, வலியைக் குறைக்கவா? நம் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி இதுதான். கீமோ என்றாலே குணமாக்கத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். நாட்டின் புற்றுநோய் மையங்களை இணைத்து 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, தவிர்க்க வேண்டிய பத்துப் பழக்கங்களை 2019இல் வெளியிட்டது. நோயின் நிலையை அறியாமலும் சிகிச்சையின் நோக்கத்தை நோயாளியிடம் பேசாமலும் சிகிச்சையைத் தொடங்காதீர்கள் என்பது அவற்றில் ஒன்று. மருத்துவர்களுக்கே அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், நாம் கேட்பதில் தவறில்லை.

நான்காவது, கூடிப் பேசி எடுத்த முடிவா என்பது. அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், சதை ஆய்வு செய்பவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பேசுவதை டியூமர் போர்டு என்கிறார்கள். அறுவை மருத்துவரிடம் போனால் அறுவையும் கதிர்வீச்சு மருத்துவரிடம் போனால் கரண்டும் முதலில் தோன்றுவது இயல்பு. அதைச் சமன்செய்யத்தான் இந்த ஏற்பாடு. "எங்க கேஸை போர்டுல வெச்சீங்களா?" என்று கேட்கலாம்.

இரண்டு சரியான விடைகள்

சில இடங்களில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டுமே சரியாக இருக்கும். பிராஸ்டேட் சுரப்பியை விட்டு வெளியே போகாத புற்று இதற்கு உதாரணம். பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கரண்ட், கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 ஆண்டு பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். வேறுபட்டவை பக்க விளைவுகளே: சிறுநீர் கட்டுப்படாமை, மலக்குடல் தொல்லை, தாம்பத்திய இழப்பு. இங்கே எது பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவர் அந்த மனிதர்தான்.

ஆரம்ப நிலை மார்பகப் புற்றில் முழு மார்பையும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைப்பதா என்பதும் இப்படியே. ஆனால் கரண்டுக்கு எத்தனை நாள் போக வேண்டும்? ஐந்து வாரம் என்றால் கறவை மாட்டையும் பிள்ளைகளையும் விட்டு யார் போவது? "எல்லாத்தையும் எடுத்துடுங்க, வந்து போக முடியாது" என்று கேட்கும் பெண்கள் இதனால்தான் இருக்கிறார்கள். முன்பு 25 நாள் வைத்த கரண்டை 15, 16 நாளாகக் குறைக்கலாம் என்று பிரிட்டனிலும் கனடாவிலும் காட்டினார்கள். அறுவை முடிந்த ஆரம்ப நிலையினருக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை வைத்தாலும் போதும் என்று 2020இல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனாலும் "குறைஞ்ச நாள்ல முடிக்க முடியுமா டாக்டர்?" என்ற கேள்வி, ஒரு பெண்ணின் மார்பைக் காப்பாற்றக்கூடிய கேள்வி. ஜிப்மருக்குப் போய்வர அரை நாள் பேருந்தில் கழியும் ஊரில் இது மருத்துவக் கேள்வியேதான்.

இரண்டாவது கருத்து

இன்னொரு மருத்துவரிடம் காட்டினால் முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளி உரிமை சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதும் ஓர் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களின் ஒழுக்க விதிகளில் 2002 முதலே இருக்கிறது. கோபித்துக்கொண்டு ரிப்போர்ட்டைத் தர மறுக்கும் இடம், தன்னைப் பற்றி ஒரு தகவலைச் சொல்லிவிடுகிறது.

போகும்போது எல்லாப் பரிசோதனைகளையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. பயாப்ஸியின் ஸ்லைடுகளையும், சதைத் துணுக்கு பதித்த மெழுகுக் கட்டையையும் வாங்கிக்கொண்டு போனால் போதும். அதைப் பெரிய மையத்தின் ஆய்வாளர் மறுபடி பார்ப்பதுதான் இரண்டாவது கருத்தின் மதிப்புமிக்க பகுதி. சிகிச்சையே மாறிப்போகும் திருத்தங்கள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன. பெரிய மையத்தில் திட்டத்தை வாங்கிக்கொண்டு, கீமோவை ஊருக்கு அருகே போட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேட்கலாம்.

எவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளலாம்? கட்டியாக வரும் பெரும்பாலான புற்றுகளில் இரண்டு வாரத்தால் எதுவும் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் இழுத்தால் கெடும். அறுவை நான்கு வாரம் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. தீவிர ரத்தப் புற்று, மூச்சுக்குழாயை அடைக்கும் கட்டி, தண்டுவடத்தை நெரித்துக் காலை மரத்துப்போக வைக்கும் கட்டி, நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. "நாங்க ரெண்டு வாரம் யோசிக்கலாமா?" என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை: இரண்டாவது கருத்து என்பது நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை ஆஸ்பத்திரி ஏறி இறங்குவதல்ல. இரண்டு கருத்துகள் மோதினால் மூன்றாவதைத் தேடுவதற்கு முன், எதில் மோதுகின்றன என்று இருவரிடமும் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டைப் படிப்பதில் வேறுபாடா, நோக்கத்தில் வேறுபாடா, அந்த ஊரில் கிடைக்கும் கருவியில் வேறுபாடா என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பணம் எங்கே நுழைகிறது

பணத்தைப் பற்றிய சந்தேகத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவ விதிகளே தனியாகச் சொல்ல வேண்டிய நிலைமை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கிறது. அதற்கு மேல் போகும்போதுதான் நகையும் நிலமும் பேச்சில் வருகின்றன. எனவே முதல் நாளே மொத்தச் செலவு எவ்வளவு, அதில் காப்பீட்டு அட்டையில் எவ்வளவு அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

மகன் கேட்ட இம்யூனோதெரபியை எடுத்துக்கொள்வோம். முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து வழக்கமான அளவில் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. டாடா மருத்துவர்கள் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2023இல் வெளியிட்டார்கள். விலை உயர்ந்ததுதான் நல்லது, மலிவானது ஏழைக்கானது என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். "இதை விட்டுட்டா என்ன இழப்பு? இதைவிடக் குறைஞ்ச செலவுல வேற வழி உண்டா?" என்பவை வெட்கப்பட வேண்டிய கேள்விகள் அல்ல.

மாற்று வழிகள்

மூலிகைக்கும் உணவுக்கும் போகிறவர்களை ஏளனம் செய்து பயனில்லை. அங்கே போனால் உட்காரவைத்துப் பேசுகிறார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் அந்த வழிகளின் பலனை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் முறையான சிகிச்சையை விட்டு மாற்று வழியை மட்டும் தேர்ந்த 281 அமெரிக்க நோயாளிகளை, சிகிச்சை பெற்ற ஒத்த நோயாளிகளோடு 2018இல் ஒப்பிட்டார்கள். இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்தரை மடங்குக்கும் மேல். பணமும் படிப்பும் நிறைந்த ஸ்டீவ் ஜாப்ஸ்கூட 2003இல் கண்டுபிடித்த கட்டிக்கு ஒன்பது மாதம் உணவு முறையை நம்பி அறுவையைத் தள்ளிப்போட்டார்.

சிகிச்சையோடு சேர்த்து வாந்திக்கோ களைப்புக்கோ நாட்டு மருந்து எடுப்பது வேறு. அதை மருத்துவரிடம் மறைப்பதுதான் ஆபத்து, சில மூலிகைகள் ஈரலில் கீமோவோடு மோதும். திட்டு விழும் என்ற பயத்தில் சொல்லாமல் விடுவதைவிட, பெயரை எழுதிக் காட்டி, "இதை நிறுத்தணுமா?" என்று கேட்டுவிடலாம்.

நோயாளிக்குத் தெரிய வேண்டும்

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டாங்க." மகள்களும் மகன்களும் மருத்துவரின் அறைக்குள் மெல்லச் சொல்லும் வாக்கியம் இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் என்ன நோய் என்று தெரியாதவர், கீமோவின் மூன்றாவது சுற்றில் முடி கொட்டி வாய் புண்ணாகும்போது, "போதும், இனி வரமாட்டேன்" என்கிறார். ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே. சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணமாகிறது.

சட்டமும் நோயாளியின் பக்கமே நிற்கிறது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, அவருடைய தாயிடம் மட்டும் ஒப்புதல் வாங்கி அகற்றிய வழக்கில், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. சுயநினைவுள்ள வயதுவந்தவருக்காக வேறொருவர் ஒப்புதல் தர முடியாது. என்ன சிகிச்சை, என்ன பலன், என்ன அபாயம், வேறு என்ன வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கைநாட்டு வைப்பது ஒப்புதல் ஆகாது.

எப்போது ஏற்பது, எப்போது நிறுத்துவது

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான பரிந்துரைகள் ஏற்கத்தக்கவைதான். பயாப்ஸியும் நிலையும் எழுத்தில் இருக்கின்றன, நோக்கத்தை மருத்துவர் சொல்லிவிட்டார், பல துறையினர் பார்த்திருக்கிறார்கள், வேறு வழிகளையும் செலவையும் பேசினார் என்றால், அந்த மருத்துவர் சிடுமூஞ்சியாக இருந்தாலும் கட்டடம் பழையதாக இருந்தாலும் அந்த வழியில் போகலாம். பயம் மட்டும் காரணமாகத் தள்ளிப்போடுவதுதான் அங்கே பெரிய தவறு.

நிறுத்திக் கேட்க வேண்டிய அறிகுறிகளும் தெளிவானவை. பயாப்ஸி இல்லாமல் பெரிய சிகிச்சை சொல்வது, "நாளைக்கே கட்டினாத்தான்" என்று அவசரகாலம் அல்லாத நோயில் அவசரப்படுத்துவது, ரிப்போர்ட்டைக் கையில் தராமல் வைத்துக்கொள்வது, நோக்கம் என்னவென்று கேட்டால் "எல்லாம் சரியாயிடும்" என்று மழுப்புவது, நூற்றுக்கு நூறு குணம் என்று உறுதி தருவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கோப்போடு இன்னோரிடம் போவது நியாயம். இதே அளவுகோலை மூலிகைக்காரருக்கும் யூடியூப் காணொளிக்கும் ஊர்ப் பெரியவருக்கும் வைக்க வேண்டும். அவர்களிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை என்பதுதான் நம் பழக்கத்தின் பெரிய ஓட்டை.

தொண்டூரிலிருந்து போகும் குடும்பத்துக்கு இதில் ஒரு குறைபாடும் உண்டு. கேட்கும் நேரமும் துணிவும் எல்லா ஓபியிலும் வாய்ப்பதில்லை, வரிசை நீளம், மருத்துவர்கள் குறைவு. அதனால் கேள்விகளை வீட்டிலேயே தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். நன்றாகக் காது கேட்கும், பதற்றப்படாத ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போக வேண்டும். ஐந்து கேள்விகள் போதும்: என்ன நோய், எந்த நிலை? குணமாக்கவா, கட்டுப்படுத்தவா? வேறு வழி உண்டா, எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மொத்தம் எவ்வளவு நாள், எவ்வளவு செலவு? எத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும்? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்துவிட்டால், நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியில் ஊகத்துக்கு மிச்சமிருக்கும் இடம் மிகச் சிறியது. அந்தச் சிறிய இடத்தில் மருத்துவரின் அனுபவத்தை நம்புவது கண்மூடித்தனம் ஆகாது.